குளித்தும் போகாத வாடை: காக்கர் ஸ்பானியலின் காதைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் காக்கர் ஸ்பானியல் நாய்க்கு இரண்டு வயது. வாரம் இரண்டு முறை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியும் வாடை போகவில்லை. அடிக்கடி தலையை உதறுகிறான். முடியை ஒட்ட வெட்டிவிட்டால் சரியாகுமா?

பதில்: முடியை விடுங்கள். தலையை உதறுகிறான் என்கிறீர்களே, முதலில் காதைப் பாருங்கள். மடலைத் தூக்கி முகர்ந்தாலே தெரிந்துவிடும். நல்ல காது வெளிர்சிவப்பாக இருக்கும், நாறாது. உள்ளே சிவந்து, பழுப்பாகப் பிசுபிசுவென்று அழுக்கு இருந்தால் வாடை அங்கிருந்துதான் வருகிறது.

நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக மடங்கிச் செல்லும். உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. காக்கருக்கோ மேலே கனமான மடல் தொங்குகிறது, குழாய்க்குள் முடி வளர்கிறது, மெழுகும் அதிகம் சுரக்கிறது. அந்த ஈரமும் சூடும் மலாசீசியா என்னும் ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் மிகவும் பிடித்தவை. வாரம் இரண்டு குளியல் போட்டு அந்த ஈரத்தைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தோலில் புண்ணோ அரிப்போ இல்லாவிட்டால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும்.

நீங்களாகக் காதில் எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சாதாரணச் சொட்டு மருந்தே கேட்கும் திறனைக் கெடுத்துவிடலாம். கால்நடை மருத்துவர் உள்ளே பார்த்து, அழுக்கை நுண்ணோக்கியில் சோதித்து மருந்து தரட்டும். குணமாகித் திரும்பத் திரும்ப வந்தால் தோல் ஒவ்வாமை இருக்கிறதா என்றும் கேளுங்கள். காக்கர்களிடம் பல நேரம் மூல காரணம் அதுதான்.

காது ஆறிய பிறகு வாரம் ஒருமுறையும், குளித்த பின்பும் சுத்தம் செய்யுங்கள். மருத்துவர் சொன்ன திரவத்தைக் குழாய் நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். அப்புறம் அவன் உதறட்டும். வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் வேண்டவே வேண்டாம், அது அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

முடியை மொட்டையாக மழிக்காதீர்கள். திரும்ப வளரும்போது அதன் தன்மையே மாறிவிடலாம். மடலின் உட்புறமும் காதுத் துளையைச் சுற்றியும் குட்டையாக வெட்டினால் காற்று போகும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்கு விழும், அங்கே தினமும் சீப்பு போடுங்கள். சாப்பாட்டுக் கிண்ணம் வாய் குறுகி ஆழமாக இருந்தால் மடல்கள் வெளியே தொங்கும்.

இவன் புதரிலிருந்து பறவைகளைக் கிளப்பிவிட வளர்க்கப்பட்ட வேட்டை இனம். தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டமும் மோப்பமும் வேண்டும். சாப்பாட்டு ஆசை வேறு அதிகம், சட்டென்று எடை போட்டுவிடுவான். மனசு மென்மையானது, காது வலிக்கும்போது அதட்டிப் பிடித்தால் அடுத்த முறை உங்கள் கையைக் கண்டாலே ஒளிந்துகொள்வான். தொட்டதும் ஒரு சின்னத் தீனி, பிடித்ததும் ஒன்று என்று பொறுமையாகப் பழக்குங்கள்.

மடல் பை போல வீங்கினாலோ, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.