பந்தயம் பிரியாணிக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கும் என் மச்சானுக்கும் இரண்டு வாரமாகத் தகராறு. உலகின் தலைசிறந்த டிரம்மர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் பட்டி ரிச்தான் என்பது என் கட்சி. அந்த வேகம் யாருக்கு வரும்? லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் ஜான் பொன்ஹாம் என்கிறார் அவர். நடுவே அவர் மகன் வந்து, பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் என்றான். “பீட்டில்ஸிலேயே ரிங்கோ சிறந்த டிரம்மர் இல்லை என்று அதே குழுவின் ஜான் லெனனே சொல்லியிருக்கிறார்” என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். உங்கள் தீர்ப்புக்கு இருவரும் கட்டுப்படுகிறோம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். லெனன் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் 1980இல் இறந்துபோனார். அந்த நக்கல் அதற்குப் பிறகு பிரிட்டனின் நகைச்சுவைக்காரர்கள் கிளப்பிவிட்டது. ரிங்கோ இடக்கைக்காரர், ஆனால் வலக்கைக்காரர்களுக்காக அடுக்கிய டிரம்ஸில்தான் வாசித்தார். ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கை இடிக்கும். அந்த இடைஞ்சலையே தன் பாணியாக ஆக்கிக்கொண்ட மனிதர் அவர்.

பட்டி ரிச் விஷயத்தில் உங்களை மறுக்க மாட்டேன். நோட்டேஷன், அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பு, படிக்கத் தெரியாது. ஒத்திகையில் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி ஒருமுறை கேட்டுக்கொண்டு, அப்புறம் உட்கார்ந்து வாசித்துவிடுவார். ஆனால் வேகம் அளக்கக்கூடிய சமாச்சாரம். அதனால்தான் இந்த மாதிரி சண்டைகளில் அது எப்போதும் முன்னால் வந்து நிற்கிறது. பட்டி ரிச்சின் தனியைக் கேட்டு நானும் வாயைப் பிளந்திருக்கிறேன். அதையே மறுநாளும் கேட்க வேண்டும் என்று தோன்றியதில்லை.

சரி, என் ஆளைச் சொல்கிறேன். கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். பெயர் புதிதாக இருக்கலாம், வாசிப்பை நிச்சயம் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்ற ஊரில் 1943இல் பிறந்தவர். குருவிடம் உட்கார்ந்து கற்கவில்லை. ஊரிலிருந்த தொழிற்சாலை இரைச்சலும் ரயில் சத்தமும்தான் அவருக்குப் பாடம். 1965இல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்தார். 1969 நவம்பரில் சின்சினாட்டியில் ‘ஃபங்கி டிரம்மர்’ பதிவானது. பாட்டு நடுவே பிரவுன், தனி ஆவர்த்தனமெல்லாம் வேண்டாம், இப்போது வாசிப்பதையே வாசி என்கிற பொருளில் அவரிடம் சொல்கிறார். பிறகு மற்ற வாத்தியங்கள் நின்றுவிடும். ஏறக்குறைய இருபது நொடி, டிரம்ஸ் மட்டும்.

அந்த இருபது நொடியைத்தான் எண்பதுகளிலிருந்து ஹிப்ஹாப்காரர்கள் வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டுகளுக்கு அடியில் ஓடவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் அது இருக்கிறது. வேறு வாத்தியம் கலக்காத இடம், வெட்ட வசதி, அவ்வளவுதானே என்று மச்சான் கேட்பார். டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற இடம் எத்தனையோ இசைத்தட்டுகளில் உண்டு. நான்கு சுற்று ஓடவிட்டால் பெரும்பாலானவை சலித்துவிடும். இது சலிக்காது. ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மில் ஓங்கி விழுகிற அடிகளுக்கு நடுவே, குச்சி தோலைச் சும்மா தொட்டுவிட்டுப் போகிற மெல்லிய அடிகள் நிறைய இருக்கின்றன. முதல் தடவை காதில் விழாது. பத்தாவது தடவை அவற்றைத் தவிர வேறெதுவும் கேட்காது. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

இதனால் அவருக்குக் கிடைத்தது வாசித்த கூலி, அதோடு சரி. பாட்டை எழுதியவர் என்று பிரவுன் பெயர் மட்டும் இருந்ததால், அந்த ஆயிரம் பாட்டுகளிலிருந்து ராயல்டி ஸ்டபிள்ஃபீல்டுக்கு வரவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் குடியேறி, திங்கட்கிழமை இரவுகளில் உள்ளூர் கிளப்பில் வருஷக்கணக்காக வாசித்துக்கொண்டிருந்தார். புற்றுநோய் வந்தபோது மருத்துவச் செலவைச் சத்தமில்லாமல் கட்டியவர் பாடகர் பிரின்ஸ். 2017இல் ஸ்டபிள்ஃபீல்ட் இறந்தார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கே அந்தப் பாட்டு அவ்வளவாகப் பிடிக்காதாம்.

இனி பந்தயத்துக்கு வருகிறேன். திரும்பத் திரும்ப ஓடவிட்டாலும் தாங்குமா என்பதுதான் என் அளவுகோல் என்றால், பொன்ஹாமுக்கு இரண்டாம் இடம் கொடுத்தாக வேண்டும். 1971இல் வெளிவந்த ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மேலே மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். பாதி வாசித்தது அந்தக் கட்டடம். அவசரமே இல்லாத அடி. அதையும் ஹிப்ஹாப்காரர்கள் விட்டுவைக்கவில்லை. ரிங்கோ 1966இல் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டு முழுக்க ஒரே அடியை மாற்றாமல் வாசித்தார், இன்றும் அலுக்கவில்லை. மூன்றாம் இடம் அவருக்கு.

ஆக, பிரியாணி உங்கள் செலவு. பையனுக்கு லெக் பீஸ் வைக்கச் சொல்லுங்கள்.