மெயின்டனன்ஸ் வேலைக்கு ஏஆர் ஹெட்செட்: கேள்வி பதில்

கேள்வி: சார், கண் முன்னால் இருக்கும் நிஜக் காட்சியின் மேலேயே படமும் குறிப்பும் காட்டும் ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) ஹெட்செட் வேண்டும் என்று, மைக்ரோசாஃப்டின் ‘ஹோலோலென்ஸ் 2’ மாடலில் இரண்டு வாங்கலாம் என்கிறார் எங்கள் மேனேஜர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அதன் தயாரிப்பை 2024 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டும் 2027 டிசம்பர் வரைதான். மலிவாகக் கிடைத்தாலும், பழுதானால் யாரிடம் போவீர்கள்? கூகுள் கிளாஸின் தொழிற்சாலைப் பதிப்பும் 2023 மார்ச்சில் இப்படித்தான் நின்றது. எந்த ஹெட்செட் வாங்கினாலும் சரி, உங்கள் வேலைக் குறிப்புகளை ஒரே கம்பெனியின் மென்பொருளுக்குள் பூட்டிவிடாதீர்கள். கருவி போனாலும் குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: எந்த போல்ட்டைக் கழற்றுவது என்று கண் முன்னால் அம்புக்குறி வருமாமே, அதனால் நிஜமாகவே பலன் உண்டா அண்ணா?

பதில்: உண்டு, எல்லா வேலைக்கும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெண்டர்சனும் ஃபைனரும் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கவச வண்டியின் டரட்டுக்குள் (துப்பாக்கி பொருத்திய சுழலும் மேல்கூடு), உடம்பைத் திருப்பவே இடமில்லாத இடத்தில், ராணுவ மெக்கானிக்குகளுக்கு 18 வேலைகள் கொடுத்தார்கள். அடுத்து கை வைக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பது, பக்கத்துத் திரையில் படம் பார்த்துச் செய்ததைவிட ஏஆரில் வேகமாக நடந்தது. சில வேலைகளில் தலையைத் திருப்புவதும் குறைந்தது. கவனியுங்கள், லாபம் இடத்தைத் தேடுவதில்தான். துருப்பிடித்த போல்ட்டை அம்புக்குறி இளக்கித் தராது. வாராவாரம் அதே பம்பைப் பிரிக்கிறவருக்கு அது தொந்தரவுதான். வருடத்துக்கு ஒருமுறை ஷட்டவுனில் மட்டும் திறக்கும் இயந்திரம் என்றால் யோசிக்கலாம்.

கேள்வி: அப்படியானால் அன்றாடம் எதற்குத்தான் உதவும்?

பதில்: தூரத்தில் இருக்கும் நிபுணருக்கு, நீங்கள் பார்ப்பதை அப்படியே காட்டுவதற்கு. இரண்டு கையும் ஸ்பேனரில் இருக்கும்போதே அவர் சொல்வதைக் கேட்டுச் செய்யலாம். இதற்கு முப்பரிமாண வித்தை எதுவும் வேண்டாம். ரியல்வேர் கம்பெனி செய்வது மாதிரி, ஹெல்மெட்டில் மாட்டி ஒரு கண்ணுக்கு மட்டும் சின்னத் திரை வைத்து, குரலால் இயக்கும் கருவியே போதும். படத்தை இயந்திரத்தின் மேல் ஒட்டிக் காட்டாததால் இதை ஏஆர் என்றே சிலர் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன, வேலை நடக்கிறது! கம்ப்ரஸர் ஓடும்போது உங்கள் ஆட்களின் குரல் அதற்குப் புரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: கேஸ் கசிய வாய்ப்புள்ள பகுதிக்குள் மாட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: சாதாரண ஹெட்செட் கூடவே கூடாது. உள்ளே பேட்டரி இருக்கிறது, தீப்பொறி வரலாம். ரியல்வேரின் எச்எம்டி-1இசட்1 போல ஸோன் 1 (சாதாரண வேலையின்போதே வெடிக்கும் வாயு எப்போதாவது சேரக்கூடிய பகுதி) சான்று பெற்றவை தனியாக உண்டு. சான்றிதழில் உள்ள ஸோனும், எந்த வகை வாயு என்று சொல்லும் கேஸ் குரூப்பும் உங்கள் பகுதியோடு பொருந்துகிறதா என்று சேஃப்டி ஆபீசரிடம் கேளுங்கள். அப்புறம் இன்னொன்று: வால்வு மூடியிருப்பதாகத் திரை காட்டினாலும் வேறு யாரும் திறந்துவிடாதபடி பூட்டும் எச்சரிக்கை டேகும் போடாமல் தொடாதீர்கள்.

கேள்வி: முழு ஷிஃப்டும் மாட்டியிருக்க முடியுமா?

பதில்: ஹோலோலென்ஸ் 2 எடை 566 கிராம், சார்ஜ் இரண்டு மூன்று மணி நேரம். கழுத்தும் தாங்காது, பேட்டரியும் தாங்காது. தேவைப்படும்போது மாட்டுங்கள்.

கேள்வி: எங்களுடையது சின்ன யூனிட். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: செல்போனில். அடிக்கடி நிற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சர்வீஸ் இன்ஜினியருக்கு வீடியோ கால் போடுங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் முதலில் அங்கே வைஃபை போடுங்கள். ஹெட்செட் அதற்கு அப்புறம்.