வாசகர் கேள்வி – பதில்: கழிமுகத்துச் சிறு ஓட்டுடலிகளின் வம்ச வரலாறு

ஆறும் கடலும் கலக்கும் கழிமுகங்களில் வாழும் மிகச் சிறிய ஓட்டுடலிகளை, அதாவது இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான கோப்பிபாட், ஆம்பிபாட், மைசிட் போன்றவற்றைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வெவ்வேறு கழிமுகங்களில் பிடித்த கோப்பிபாட்கள் நுண்ணோக்கியில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கின்றன, பெயரும் ஒன்றே. ஆனால் டி.என்.ஏ. ஆய்வு அவற்றைத் தனித்தனி இனங்கள் என்கிறதாமே, இதை எப்படி ஏற்பது?

யூரிடெமோரா அஃபினிஸ் என்ற கோப்பிபாட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பெண் தன் வயிற்றின் அடியில் ஒரே ஒரு முட்டைப் பையைச் சுமந்தபடி நீந்தும். 1880இல் பெயர் பெற்ற இந்த உயிரி வட அமெரிக்காவின் இரு கரைகளிலும், ஐரோப்பாவிலும், ஆசியாவிலும் உள்ள கழிமுகங்களில் பரவி வாழும் ஒற்றை இனம் என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. கேரல் லீ என்ற உயிரியலாளர் இந்தப் பகுதிகளிலிருந்தெல்லாம் மாதிரிகளைத் திரட்டி, அவற்றின் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) மரபணுக்களை ஒப்பிட்டு, 1999இலும் 2000இலும் வெளியிட்ட ஆய்வுகள் அந்தக் கருத்தைப் புரட்டிப் போட்டன. ஒரே பெயருக்குள் பல பழைய கிளைகள் ஒளிந்திருந்தன; சில கிளைகளுக்கிடையே மரபணு எழுத்து வரிசையில் பத்து விழுக்காட்டையும் தாண்டிய வேறுபாடு இருந்தது. ஆனால் உடலமைப்பு அந்த அளவுக்கு விலகவே இல்லை.

தோற்றம் மாறாமல் நின்றுவிட, மரபணு மட்டும் தன் போக்கில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதில் வியப்புக்கு இடமில்லை. கலங்கல் நீரில் வாழும் இத்தகைய உயிரிக்கு எல்லாக் கழிமுகங்களிலும் ஏறத்தாழ ஒரே வாழ்க்கைதான் என்பதால், உடல் வடிவத்தை மாற்றும்படியான நெருக்கடி குறைவு. இணையை அடையாளம் காண்பதும் பெரும்பாலும் வேதிக் குறிப்பாலும் தொடுகையாலும் நடப்பதால், ஓர் இனத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளம் நம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

மரபணு வழிகாட்டிய பிறகு உடலிலும் நுண்ணிய வேறுபாடுகள் தென்படத் தொடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தின் ஒரு கிளை 2011இல் தனி இனமாக விவரிக்கப்பட்டு, அந்த ஆய்வாளரின் பெயராலேயே யூரிடெமோரா கேரல்லீயே என்று அழைக்கப்படுகிறது. பால்டிக் கடலிலும் வடபுல ஏரிகளிலும் வாழும் மைசிஸ் ரெலிக்டா என்ற மைசிட்டும் இப்படித்தான் 2005இல் நான்கு இனங்களாக முறைப்படி பிரிக்கப்பட்டது. அங்கும் மூலக்கூறுச் சான்றுதான் முதலில் வந்தது; உருவ வேறுபாடுகள் பின்னரே தெளிவாயின.

எனினும் மரபணுத் தொலைவை மட்டும் வைத்து இனத்தை வரையறுத்துவிட முடியாது. லீ நடத்திய இணைசேர்க்கைச் சோதனைகளில், மரபணு அளவில் நெருக்கமான சில கூட்டங்களுக்கு இடையிலேயே இனப்பெருக்கத் தடை காணப்பட்டது. தொலைவு கூடக்கூடத் தடையும் சீராகக் கூடும் என்று எண்ணுவோருக்கு இது ஒரு முக்கியமான எச்சரிக்கை.

கேள்வி: எல்லாக் கழிமுகங்களும் கடலில்தானே திறக்கின்றன? கடல் வழியாக இவை கலந்துவிடாமல் தடுப்பது எது?

நமக்குப் பாதையாகத் தோன்றும் திறந்த கடல் இவற்றுக்குப் பாலைவனம். கழிமுகத்தின் மிதமான உவர்ப்புக்குப் பழகிய உடல் முழுக் கடல்நீரில் உயிரோடு இருக்க முடிந்தாலும், அங்கே போட்டியும் வேட்டையாடிகளும் மிகுதி; இரையும் வேறு. அதனால் இரண்டு கழிமுகங்களுக்கு இடைப்பட்ட கரை, சில பத்துக் கிலோமீட்டரே ஆனாலும், வலுவான தடையாகிவிடுகிறது.

இனப்பெருக்க முறை இதைவிடப் பெரிய காரணம். நண்டுகளும் பல இறால்களும் நீரில் மிதந்து செல்லும் இளவுயிரிகளை வெளியிடுவதால், நீரோட்டம் அவற்றை நெடுந்தொலைவு கொண்டுசெல்லக்கூடும். ஆம்பிபாட், ஐசோபாட், மைசிட் ஆகியவற்றில் அந்தக் கட்டமே கிடையாது. முட்டை சுமக்கும் காமரஸ் என்ற ஆம்பிபாட்டின் பெண் ஒன்றைக் கைலென்ஸின் கீழ் மல்லாத்திப் பாருங்கள். மார்புக் கால்களின் அடியிலிருந்து உள்நோக்கி வளைந்த மெல்லிய தகடுகள், ஓரத்து மயிர்கள் ஒன்றோடொன்று பின்ன, ஒரு பையாக அமைந்திருக்கும். வயிற்றுக் கால்களின் இடைவிடாத அசைவால் நீரோட்டம் அதன் வழியே பாய்ந்துகொண்டிருக்க, உள்ளே உருண்டை முட்டைகள் இருக்கும். முதிர்ந்த கருவாக இருந்தால் கண்புள்ளிகூடத் தெரியும். பையைவிட்டு வெளிவருவது தாயின் வடிவத்திலேயே இருக்கும் குட்டி. அது பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே தங்கி வளர்கிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்துவிடும்போது, அக்கம்பக்கத்துக் கழிமுகங்களுக்கு இடையே மரபணுப் பரிமாற்றம் அருகிப்போகிறது.

மிதந்து வாழும் கோப்பிபாட்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கடல் ஏற்றத்தின்போது மேல்நீருக்கு உயர்வதும் வற்றத்தின்போது அடிநீருக்கு இறங்குவதுமாக, கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் அவை தம்மைக் காத்துக்கொள்கின்றன. மேலும், பல கோப்பிபாட்களின் உறங்கு முட்டைகள் சேற்றில் பத்தாண்டுக்கும் மேலாக உயிர்ப்போடு கிடக்கும் என்பதால், ஓர் ஆண்டின் கூட்டம் அழிந்தாலும் அதே இடத்தின் பழைய கால்வழி மீண்டும் தலையெடுக்கிறது. வெளியிலிருந்து எப்போதாவது வந்துசேரும் சில உயிரிகளால் அதை எளிதில் மாற்றிவிட முடிவதில்லை.

ஒரே கழிமுகத்துக்குள்ளேயேகூடப் பிரிவு ஏற்படலாம். அகார்ட்டியா டோன்சா என்ற கோப்பிபாட்டின் கிளைகள் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நீரின் உவர்ப்புக்கு ஏற்பப் பங்கிட்டு வாழ்கின்றன.

கேள்வி: கிளைகள் பிரிந்து பல இலட்சம் ஆண்டுகள் ஆயின என்று டி.என்.ஏ.வை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

மரபணுவில் மாற்றங்கள் சேரும் வேகம் தெரிந்தால், இரு கிளைகளுக்கு இடையிலான வேறுபாட்டை அந்த வேகத்தால் வகுத்துக் காலத்தைக் கணிக்கலாம். வேகத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்கு நிலவியல் கைகொடுத்தது. ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பாலம் உயர்ந்து, பசிபிக் பெருங்கடலையும் கரீபியன் கடலையும் பிரித்துவிட்டது. இரு பக்கமும் உறவினங்களாக எஞ்சிய சொடுக்கிறால்களை நான்சி நோல்டனும் லீ வெய்க்ட்டும் ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.1 என்ற மரபணுவில் பத்து இலட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 விழுக்காடு வேறுபாடு சேர்கிறது. இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, எந்த உறவின இணையை வைத்து அளவுகோலை அமைத்தார்கள் என்பதுதான். ஆழநீர் இனங்கள் நிலப்பாலம் முழுதாக மூடுவதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்திருக்கும். அலையாத்திக் கரையில் வாழ்பவைதான் கடைசியாகத் துண்டிக்கப்பட்டிருக்கும். அதனால் பிந்திப் பிரிந்த இணைகளையே அவர்கள் நம்பினார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 14 விழுக்காடு வேறுபட்ட இரு கிளைகள் ஒரு கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தவை என்றாகும். ஆனால் இதைக் கல்வெட்டாகக் கொள்ளக் கூடாது. எல்லா ஓட்டுடலிகளிலும் வேகம் ஒன்றல்ல. பழைய பிரிவுகளில் ஒரே எழுத்து பலமுறை மாறி, முந்தைய மாற்றத்தின் தடம் அழிந்துபோவதும் உண்டு. கிடைக்கும் எண்ணைத் துல்லியமான ஆண்டாகக் கொள்ளாமல், காலத்தின் படிநிலையாக மட்டும் கொள்வதே முறை.

அப்படிக் கொண்டாலும் ஒரு முடிவு அசையாமல் நிற்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று நாம் காணும் கழிமுகங்களின் இடத்தில் அன்று உலர்ந்த பள்ளத்தாக்குகள் இருந்தன. பனி உருகி நீர் உயர்ந்து, அந்த உயர்வு ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் தணிந்த பிறகே இன்றைய கழிமுகங்கள் உருப்பெற்றன. அவற்றில் வாழும் கால்வழிகளோ அவற்றைவிடப் பல மடங்கு மூத்தவை. கடல் விலகியபோது கூடவே இறங்கி, ஏறியபோது கூடவே ஏறி, ஒவ்வொரு கரையிலும் தனித்தனியாகத் தப்பிப் பிழைத்தவற்றின் வழித்தோன்றல்களே இன்று நம் வலையில் விழுகின்றன.

கேள்வி: ஒரு வாளி நீரில் ஆயிரக்கணக்கில் இருக்கும் உயிரிக்கு மரபணுப் பன்மையும் மிகுதியாகத்தானே இருக்கும்?

அப்படிச் சொல்ல முடியாது. இன்றைய எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும், கடந்த காலத்தில் கூட்டம் ஒருமுறை சிறுத்திருந்தால் பன்மை குறைந்தே இருக்கும். பால்டிக் கடல் உவர்நீராக மாறி ஏறத்தாழ 8,000 ஆண்டுகளே ஆகின்றன. அங்கே குடியேறிய பல கடலுயிர்களின் மரபணுப் பன்மை, எண்ணிக்கையில் குறைவில்லாத நிலையிலும், அட்லாண்டிக் உறவுகளைவிடக் குறைவு.

கேள்வி: பரிணாமம் நம் வாழ்நாளிலேயே நடப்பதைக் காண முடியுமா?

முடியும், யூரிடெமோராவே அதற்குச் சிறந்த சான்று. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் கப்பல் வழி 1959இல் திறக்கப்பட்டது. அந்தக் காலகட்டத்தில்தான், உவர்நீரில் வாழ்ந்த இந்தக் கோப்பிபாட் வட அமெரிக்கப் பேரேரிகளின் நன்னீருக்குள் நுழைந்து நிலைபெற்றது. நன்னீரில் வாழ்வது இதற்கு எளிதன்று. சுற்றியுள்ள நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் உடலின் உப்பு ஓயாமல் வெளியே கசியும்; ஆற்றலைச் செலவிட்டு அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தால்தான் உயிர் நிற்கும். கேரல் லீயின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், நன்னீருக்குள் புகுந்த கூட்டங்களின் குஞ்சுகளில் புரோட்டானை இறைக்கும் வி-வகை ஏ.டி.பி.ஏஸ் என்ற நொதியின் செயல்பாடு, குறைந்த உவர்ப்பில், உவர்நீர் மூதாதைக் கூட்டங்களைவிட மிகுந்திருந்தது. தனித்தனியாக நன்னீருக்குள் நுழைந்த கூட்டங்களில் மாற்றம் ஒரே திசையில் நடந்திருந்ததுதான் இதில் தலையாயது.

சில பத்தாண்டுகளில் இது நடந்தது புதிய மரபுப் பிறழ்வுகளுக்காகக் காத்திருந்ததால் அன்று. கழிமுகத்தில் உவர்ப்பு பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதால், உவர்நீருக்கு உகந்த மரபணு வடிவமும் நன்னீருக்கு உகந்த வடிவமும் மாறி மாறிப் பயன்பட்டு, இரண்டும் கூட்டத்தில் அழியாமல் இருந்துவருகின்றன. நன்னீருக்குள் புகுந்தபோது, ஏற்கெனவே கையிருப்பில் இருந்த வடிவங்களே மேலோங்கின என்பதை 2020இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. மரபணுப் பன்மை ஏன் முக்கியம் என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது. செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் இந்தக் கூட்டத்தின் இரு கிளைகள் அருகருகே வாழ்கின்றன. ஏரிகளுக்குள் நுழைந்தது அவற்றில் ஒன்று மட்டுமே. இரண்டையும் ஒரே பெயரில் எழுதி வைத்திருந்தால் இந்த வேறுபாடு யாருக்கும் தெரிந்திருக்காது.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக ஆம்பிபாட்களைச் சேகரிக்கப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும்; 95 விழுக்காட்டு எத்தனாலில் போடுங்கள், ஒரு நாள் கழித்து அதை ஒருமுறை மாற்றுங்கள். சிறிய உயிரியானால் உடல் முழுவதும் சோதனையில் கரைந்துவிடக்கூடும்; ஆகவே முதலில் படம் எடுத்துவிட்டு, ஓரிரு கால்களிலிருந்து மட்டும் டி.என்.ஏ. பிரித்து, மீதி உடலை எண்ணிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த இடத்தின் உவர்ப்பையும் வெப்பநிலையையும் அங்கேயே குறித்துவிடுங்கள். பிறகு யாராலும் அதை மீட்க முடியாது. ஓட்டுடலிகளில் மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் செயலற்ற நகல்கள் உட்கருவிலும் ஒட்டியிருப்பதுண்டு. அவற்றை அசல் என்று கொண்டால் இல்லாத இனங்கள் முளைத்துவிடும். சி.ஓ.1 வரிசையின் நடுவே நிறுத்தக் குறியன் (புரத உருவாக்கம் இங்கே முடிகிறது என்று காட்டும் மூன்றெழுத்துக் குறி) வந்தால் உடனே ஐயப்படுங்கள். அது வராவிட்டாலும், உட்கரு மரபணு ஒன்றையாவது சேர்த்துப் படிக்காமல் புதிய கிளை என்று எழுத வேண்டாம்.