மூன்று தலைமுறைப் பெரியவர்கள் ஒரே வீட்டில் இருப்பது சரிப்பட்டு வருமா?

வேலைக்குப் போகும் பிள்ளை, நீங்கள் இருவர், வயதான மாமனார் மாமியார், எல்லாரும் ஒரே வீட்டில் காலம் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீடே அப்படித்தான். சேலம் அம்மாப்பேட்டை. மாமனாருக்கு 78, மாமியாருக்கு 72, கணவருக்கு 51, எனக்கு 47, மகனுக்கு 24. ஐந்து பேருக்கும் ஓட்டு இருக்கிறது. ஐந்தும் ஐந்து சின்னத்துக்கு விழுகிறதோ என்று எனக்கொரு சந்தேகம்.

முடியும். ஆனால் ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு எங்களால் முடியவில்லை.

எங்கள் முன்னறையில் குழித்தறி இருந்தது, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற கைத்தறி. மாமா வெண்பட்டு வேட்டி நெய்தவர், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவார். தறி ஓடுகிற நேரம்தான் அப்போது வீட்டுக்கே நேரம். சாப்பாடு, தூக்கம், விருந்தாளி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். முழங்கால் மடங்காமல் போனதும் மாமா தறியை நிறுத்தினார். குழியை மண் போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டி, அதைத்தான் மகனுக்கு அறையாக்கிக் கொடுத்தோம். குழி இருந்த இடத்தில் இப்போது மேஜை, மேலே இரண்டு மானிட்டர். அவனுக்கு அமெரிக்க ஷிப்ட். மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் விடியற்காலை மூன்றுக்குத்தான் எழுவான். மாமா நாலரைக்கு எழுந்து மோட்டார் போடுவார். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து தூங்குவது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

அத்தைக்கு ஆறரைக்குள் ராச்சாப்பாடு முடிய வேண்டும், களியோ ரசம் சாதமோ. கணவர் கடையைச் சாத்திவிட்டு ஒன்பதுக்கு வருவார். மகன் பத்தரை மணி பிரேக்கில் தோசை கேட்பான். ஆறு மணிக்குப் பற்றவைத்தால் பதினொன்றுக்குத்தான் நான் அடுப்பை அணைப்பேன். அணைத்த பிறகு வீட்டில் யாரிடமும் பேசப் பிடிக்காது. ஒருநாள் அத்தையே சொன்னார்: "கண்ணு, பின்கட்டுல எனக்கொரு அடுப்பு வெச்சுக் குடு. எங்க ரெண்டு பேருக்கும் நானே பொங்கிக்கறேன்."

ஒற்றை பர்னர் அடுப்பு, ஐந்து கிலோ சிலிண்டர். அவ்வளவுதான் வாங்கினோம். மூன்றாம் நாளே தெருவில் "பாகம் பிரிஞ்சுட்டாங்களா?" என்று விசாரணை. ஈரோட்டிலிருந்து நாத்தனார் போனில் அழுதார். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஜனத்தொகைக் கணக்கெடுப்பில்கூட ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களைத்தான் ஒரு குடும்பமாக எழுதுகிறார்கள். தனி ரேஷன் கார்டு கேட்டாலும் தனிச் சமையலா என்று பார்க்கிறார்கள். நாங்கள் கார்டைத் தொடவில்லை, அடுப்பை மட்டும் பிரித்தோம். ஒரே சமையலறையில் இருந்தபோது என் குழம்பில் தினமும் புளி தூக்கல் என்று சொன்ன அத்தை, இப்போது கிண்ணத்தோடு வந்து "கொஞ்சம் ஊத்து" என்கிறார். அதே குழம்பு, அதே புளி.

மகன் விஷயம் வேறு. ஒரு சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ஏற்காடு கிளம்பிவிட்டான், பைக்கில், அந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும். காலையில் மாமா, "யாரைக் கேட்டுப் போனான்?" என்று குதித்தார். சம்பாதிக்கிற பையன், யாரைக் கேட்க வேண்டும்? அதே சமயம், இவன் எங்கே என்று தெரியாமல் ஒரு வீடே கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. கடைசியில் இப்படி முடிவானது: கேட்டுவிட்டுப் போக வேண்டாம், சொல்லிவிட்டுப் போக வேண்டும். இது மாமாவுக்கும் சேர்த்துத்தான். 78 வயதில் யாருக்கும் சொல்லாமல் மொபெட்டில் லீ பஜாருக்குப் போய் வருகிறவர் அவர். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

செலவுக்கணக்கு சுலபம். கரண்ட் பில் மகனுடையது, ஏசி அவனுடையது என்பதால். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். அது தெரிந்த பிறகு ஏசியை அவனே அணைக்கிறான்.

சொத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீடு மாமாவின் சுயசம்பாத்தியம். அதை இப்போதே என் கணவர் பெயருக்கு மாற்றிக்கொடுத்து செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிடுகிறேன் என்றார். பத்திரம் எழுதுபவர், "கடைசிவரைக்கும் பார்த்துக்கணும்னு ஒரு வரி சேர்க்கலாமா?" என்று கேட்டதும் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் 23ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அறிவிக்கலாம். பத்திரத்தில் அந்த வரி இல்லாவிட்டால் பெரியவர்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

நான் மாமாவிடம் செட்டில்மென்ட்டே வேண்டாம் என்றேன். உயில் எழுதினார், இரண்டு சாட்சியோடு. உயில் இல்லாமல் போனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. நாத்தனாரை விட்டுவிட எங்களுக்கும் மனமில்லை, அதனால் உயிலிலும் அவருக்குப் பங்கு உண்டு. உயிருள்ளவரை வீடு மாமா பெயரிலேயே இருக்கும். மோட்டார் போடும்போது அவர் போடுகிற அதட்டலுக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. என் அம்மா ஆத்தூரில் தனியாக இருக்கிறார். எங்கள் ஐந்து பேரில் அவருக்கு இடமில்லை என்று யாரும் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. சனிக்கிழமைதோறும் நான்தான் பஸ் ஏறிப் போகிறேன். போன வாரம் கிளம்பும்போது அம்மா, "ஒரு பத்து நாள் வந்து இருக்கட்டுமா? உங்க அத்தை அந்தப் பின்கட்டு அடுப்புல எனக்கும் ஒரு உலை வெக்க விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை. நாளைக்கு கிண்ணத்தோடு வரும்போது கேட்கலாம் என்றிருக்கிறேன்.