உப்புக்காற்றில் கையெழுத்துகள்: சேகரிப்போர் கேட்டவையும் என் பதில்களும்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பழைய திரைக் கலைஞர்கள், நாடகக் கலைஞர்கள் ஆகியோரின் கையெழுத்துகளை வைத்திருக்கும் அன்பர்கள் சென்ற சில மாதங்களில் என்னிடம் கேட்டவற்றுள் எட்டுக் கேள்விகளை எடுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்ப்பெயரை மட்டும் குறித்துள்ளேன்.

தங்கச்சிமடம்: தாத்தாவின் ஆட்டோகிராஃப் நோட்டில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் கையெழுத்து, 1941 என்ற ஆண்டுடன் இருக்கிறது. அது மெய்யானதுதானா?

முதலில் எழுத்தைப் பார்க்காதீர்கள், மையைப் பாருங்கள். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளிலேயே 1945 அக்டோபரில்தான் விற்பனைக்கு வந்தது. நம் பக்கத்துச் சட்டைப்பைகளுக்கு வர அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. தாளைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினால், பால்பாயின்ட் பேனாவின் உருண்டை பதித்த பள்ளம் கோடு நெடுகத் தெரியும். மைப்பேனாவின் கோடோ, கை அழுத்திய இடத்தில் அகன்றும் தூக்கிய இடத்தில் மெலிந்தும், தாளுக்குள் சற்றே ஊறியும் நிற்கும். அக்காலத்து நீலக்கறுப்பு மையில் இரும்புச் சத்து உண்டு என்பதால், வயதாக ஆக அது பழுப்பேறுவது இயல்பு.

அடுத்து, வாழ்க்கைக் குறிப்போடு தேதியை ஒத்துப் பாருங்கள். பாகவதர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் தண்டனை பெற்று 1947-இல்தான் விடுதலையானார். ஆகவே 1946-இல் திருவிழாக் கச்சேரி மேடையில் வாங்கியது என்று யாராவது ஒன்றைக் காட்டினால் அதை அங்கேயே விட்டுவிடலாம். உங்களுடைய 1941 அந்தச் சிக்கலில் இல்லை. இதே வகையில், வி.சி. கணேசன் என்ற இளைஞருக்குப் பெரியார் ‘சிவாஜி’ என்ற பட்டத்தை அளித்தது 1940-களின் நடுவில். 1942 என்று தேதியிட்ட ‘சிவாஜி கணேசன்’ கையெழுத்து இருக்கவே முடியாது.

கீழக்கரை: என் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். எம்.ஜி.ஆர். இலங்கைக்கு வந்தபோது வாங்கிய கையெழுத்து என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். தாளில் தேதி இல்லை. எப்படி நிறுவுவது?

எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் 1965-இல் இலங்கை சென்றது உண்மை. எனவே உங்கள் வாப்பா சொல்வதற்கு இடமிருக்கிறது. இடமிருப்பது சான்றாகிவிடாது. அந்தத் தாள் கடையின் பில் தாளா, பின்புறத்தில் தெருப்பெயரோ அச்சகத்தின் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். வாப்பாவின் பழைய கடவுச்சீட்டு இருந்தால் அந்த ஆண்டில் அவர் கொழும்பில் இருந்ததை அதன் முத்திரைகள் காட்டும். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே இன்றே எழுதிக்கொள்ளுங்கள்: யாருடன் போனார், எந்த இடத்தில் நின்றார், பேனா யாருடையது என்பவை போன்ற சிறு செய்திகளை ஒன்றுவிடாமல் கேளுங்கள். சிறு செய்திகளில்தான் கதையின் உறுதி தெரியும். ஒருவர் என்னிடம் 1965-இல் தனுஷ்கோடிக் கப்பலில் திரும்பியபோது வாங்கியது என்று ஒரு கையெழுத்தைக் காட்டினார். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடித் துறையே அழிந்துபோயிருந்தது. கையெழுத்து பொய் என்று அதனால் ஆகிவிடாது, ஆனால் அந்தக் கதையைச் சான்றாக வைத்துக்கொள்ள முடியாது.

இராமநாதபுரம்: நடிகர் ஒருவர் எங்கள் தந்தைக்கு எழுதிய தேதியில்லாத கடிதமும் உறையும் உள்ளன. காலத்தைக் கணிக்க வழி உண்டா?

உண்டு, உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த உங்கள் தந்தையை நான் வணங்குகிறேன். அஞ்சல் முத்திரை அழிந்திருந்தாலும் அஞ்சல்தலை பேசும். அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று முடிந்து நயா பைசா வந்தது; 1964 ஜூன் முதல் ‘நயா’ என்ற சொல் நீங்கியது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் கடிதம் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிற்பட்டது. ‘சென்னை மாநிலம்’ என்று அச்சிட்ட கடிதத்தாள் 1969 ஜனவரிக்கு முன் அடிக்கப்பட்டதாக இருக்கலாம், ஆனால் மிச்சமிருந்த தாளைப் பின்னாளிலும் எழுதித் தீர்ப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று எழுத்துச் சீர்திருத்தம். 1978-இல் அரசு ஆணை வரும்வரை ‘சென்னை’ என்ற சொல்லின் ‘னை’, துதிக்கை போல் மேலே வளைந்த பழைய வடிவில்தான் பெரும்பாலும் அச்சாயிற்று. ‘அண்ணா’வில் வரும் ‘ணா’வும் அப்படியே. 1955-ஆம் ஆண்டு நோட்டீஸ் என்று சொல்லப்படுவதில் இன்றைய ‘னை’ அச்சாகியிருந்தால் ஐயப்படுங்கள். இதிலும் ஒரு விலக்கு உண்டு. பெரியார் தம் ஏடுகளில் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டவர்; ஆகையால் அந்த இயக்கத்தைச் சார்ந்த நாடகங்களின் நோட்டீஸ்களில் புதிய வடிவம் முன்னரே தென்படலாம். கையால் எழுதியதில் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் செல்லும்: பழைய எழுத்தில் படித்தவர்கள் 1990-களிலும் பழைய ‘னை’யையே எழுதினார்கள்.

மண்டபம்: படக்கம்பெனி அனுப்பிய புகைப்படத்தில் நடிகையின் கையெழுத்து உள்ளது. அசலா?

பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோடு சிறு புள்ளிகளாகப் பிரிந்தாலோ, படத்தின் பளபளப்போடு ஒரே தளத்தில் கலந்திருந்தாலோ அது அச்சு. மை படத்தின் மேல் தனியாகப் படிந்திருந்து, கோடுகள் குறுக்கிடும் இடம் கறுத்திருந்தால் கையால் இட்டது. யாருடைய கை என்பது அடுத்த கேள்வி. கடிதங்கள் குவிந்த காலத்தில் செயலாளர்களும் உறவினர்களும் கையெழுத்திட்டு அனுப்பியது உண்டு.

பாம்பன்: எங்கள் வீடு கடலை ஒட்டியது. பீரோவில் வைத்தாலும் தாள் பிசுபிசுக்கிறது. என்ன செய்வது?

பாம்பன் பாலத்தின் இரும்பை அரித்த காற்றுத்தான் உங்கள் பீரோவுக்குள்ளும் நுழைகிறது. காற்றில் வரும் உப்புத்தூள் தாளில் படிந்து, ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டை எட்டும்போது தானே நீரை இழுத்துக் கசிகிறது. 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கரையில் இவ்விரண்டு அளவுகளையும் தாண்டாத நாள் அரிது.

ஆகவே காற்றுப் புகாத, ரப்பர் விளிம்புள்ள நெகிழிப் பெட்டியில் வையுங்கள். அதனுள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் இடுங்கள். ஜெல் நிறம் மாறியதும் வெளியே எடுத்துச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடலாம். மழைக்காலத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள்; பங்குனி, சித்திரையில் காய்ந்த நடுப்பகலில் திறந்து பாருங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், கிளிப் எல்லாவற்றையும் நீக்குங்கள், துரு தாளைத் துளைத்துவிடும். வேப்பிலையைப் பக்கங்களுக்கிடையில் வைக்கும் பழக்கம் வேண்டாம், சாறு கறையாகப் படியும். பெட்டியைத் தரையில் வைக்கவே வேண்டாம். நான் ஒரு முறை டிரங்குப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு மழைக்காலத்தில் வெளியூர் சென்றேன். திரும்பியபோது, வள்ளி வேடத்தில் நடித்த ஒரு மூத்த கலைஞர் கழுவினால் போகும் நீல மையில் இட்ட கையெழுத்து ஒரு வெளிர்நீலத் தீற்றலாகிவிட்டிருந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

தொண்டி: மழையில் நோட்டு நனைந்துவிட்டது. வெயிலில் காயவைக்கலாமா?

கூடாது, இஸ்திரிப் பெட்டியும் கூடாது. பக்கங்களுக்கிடையே மை ஒற்றும் தாளையோ அச்சிடாத வெள்ளைத் தாளையோ வைத்து, மின்விசிறிக் காற்றில், தாளை அடிக்கடி மாற்றி உலர்த்துங்கள். இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் முடியாது என்று தோன்றினால் நெகிழிப் பையில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டு, பிறகு சிறிது சிறிதாக உலர்த்தலாம். லேமினேஷன் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யவே கூடாது: சூடும் பசையும் ஏறிய தாளை மீட்க வழியில்லை.

தேவிபட்டினம்: நோட்டிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துத் தந்தால் நல்ல விலை தருவதாக ஒருவர் சொல்கிறார்.

தராதீர்கள். முன்பக்கத்தில் ஒரு பின்பாட்டுக்காரர், பின்பக்கத்தில் ஒரு நகைச்சுவை நடிகர், அடுத்த தாளில் அதே திருவிழாவின் தேதி என்று நோட்டு முழுவதுமே ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கிறது. கிழித்த பக்கத்துக்கு அந்தச் சாட்சி இல்லை. எஞ்சிய நோட்டுக்கும் இல்லை. பணம் தேவையென்றால் முழு நோட்டையும் விற்றுவிடுங்கள்.

சாயல்குடி: என் அம்மா ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட்டாக, அதாவது நாயகியாக, நடித்தவர். இப்போது எண்பது வயதாகிறது. அவரிடம் யாரும் ஆட்டோகிராஃப் கேட்டதில்லை. அவருடைய கையெழுத்துக்கும் மதிப்பு உண்டா?

இந்தக் கேள்விக்காகவே நான் எழுத உட்கார்ந்தேன், அம்மா. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதித் தந்த பாடல்களையும் வசனங்களையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒத்திகையே இல்லாமல், வெவ்வேறு ஊரிலிருந்து வந்த ராஜபார்ட்டும் (நாயகன்) ஸ்திரீபார்ட்டும் பபூனும் (கோமாளி) இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து விடியும்வரை வள்ளி திருமணம் நடத்தியது நம் கோயில் திருவிழாக்களில்தான். கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் அந்த நாடக மேடையிலிருந்து வந்தவர்களே. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்ததால் அவருடைய கையெழுத்தை எல்லோரும் தேடுகிறார்கள். நம் ஊர்ப் பொட்டலில் நாற்பது ஆண்டுகள் பாடியவர்களின் கையெழுத்தைத் தேடுவார் இல்லை. என் கணக்கில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டியவை.

வீட்டில் தேடுங்கள். நாடகத் தேதிகளைக் குறித்த டைரி, முன்பணம் வாங்கிய ரசீது, நடிகர் சங்க உறுப்பினர் அட்டை, நல வாரிய விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றில் அவர் கையெழுத்து இருக்கக்கூடும். அவருடைய படம் அச்சான நோட்டீஸ்கள் கிடைத்தால் ஒன்றையும் விடாமல் எடுத்து வையுங்கள். அந்த மெல்லிய தாள் தொட்டாலே உதிரும் என்பதால் அட்டையைக் கீழே தாங்கலாகக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். பிறகு அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் பெயரையும், அன்று போட்ட வேடத்தையும், உடன் நடித்த ராஜபார்ட் யார் என்பதையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், மென்மையான பென்சில் போதும், அதன் கரி நீரில் கரையாது, வெளுக்கவும் வெளுக்காது. கை நடுங்கினால் ஒரு நாளைக்கு ஒரு நோட்டீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.