ஏழு வாரமாகியும் ஃபிஸ்டுலா முதிரவில்லை: மாத்திரை போதுமா, பலூன் தேவையா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது மணிக்கட்டில் தமனியைச் சிரையோடு இணைத்து ஃபிஸ்டுலா வைத்து ஏழு வாரமாகிறது. தையல் போட்ட இடத்தில் அதிர்வு தெரிகிறது, ஆனால் அதற்கு மேலே ரத்தக்குழாய் பருக்கவே இல்லை. கழுத்துக் குழாய் வழியாகத்தான் டயாலிசிஸ் ஓடுகிறது. பந்தை அழுத்தி இன்னும் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாமா? ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் கூட்டினால் முதிருமா?

பதில்: பொறுத்துப் பார்க்க வேண்டாம். இந்த வாரமே ஃபிஸ்டுலாவுக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். சிரை விரிவதில் பெரும்பகுதி முதல் நான்கு வாரத்திலேயே நடந்து முடிகிறது. அதற்குள் விரியாதது பெரும்பாலும் தானாக விரிவதில்லை. அதே சமயம், முதிராத ஃபிஸ்டுலாக்கள் பலவற்றில் சரிசெய்யக்கூடிய ஒரு தடை இருக்கும்.

மணிக்கட்டில் ரேடியல் தமனியைச் செபாலிக் சிரையோடு இணைக்கும் இந்த முறையை 1966-இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ குழுவினர் வெளியிட்டார்கள். சாதாரணமாக அந்தத் தமனியில் நிமிடத்துக்கு 20 முதல் 30 மி.லி. ரத்தம்தான் ஓடும். இணைத்த உடனேயே அது 200, 300 மி.லி. ஆகிவிடும். வேகமாக ஓடும் ரத்தம் உரசுவதை உட்சுவர்ச் செல்கள் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. சுவர்த் தசை தளர்கிறது. பிறகு நொதிகள் சுவரிலுள்ள பழைய எலாஸ்டின் என்னும் மீள் இழைகளை அறுக்க, குழாய் அகலமாகத் தன்னை மறுபடி கட்டிக்கொள்கிறது. முதிர்தல் என்பது இதுதான்.

சிக்கல் வருவது இணைப்பை ஒட்டிய வளைவில். அங்கே ரத்தம் நேராக ஓடாமல் சுழன்று, முன்னும் பின்னுமாக அலைகிறது. உரசல் குறைந்த அந்த இடத்தில் உட்சுவர் நேரெதிராக நடந்துகொள்கிறது: தசைச் செல்கள் உள்பக்கம் இடம்பெயர்ந்து பெருகி, வழியை அடைக்கின்றன. அறுவையின்போது சிரையைச் சுற்றிப் பிரித்தெடுப்பதில் அதன் சுவருக்கு உணவூட்டும் நுண்குழாய்களும் அறுபடுவதால் இந்தத் தடிப்பு கூடுகிறது. இணைப்பிலிருந்து முதல் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குள்தான் இது அதிகம். சிறுநீரகச் செயலிழப்பால் சிரையின் உட்சுவர் அறுவைக்கு முன்பே தடித்திருப்பதும் உண்டு. நீண்ட காலச் சர்க்கரையில் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து, தமனியே விரிய முடியாமல் போகும். உங்கள் அப்பாவுக்கு இதையும் பார்க்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் தெளிவான விடை இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை வைத்து அமெரிக்காவில் 877 பேரிடம் செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. ஆரம்ப வாரங்களில் ஃபிஸ்டுலா உறைந்துபோவது 19.5 சதவீதத்திலிருந்து 12.2 ஆகக் குறைந்தது. ஆனால் டயாலிசிஸுக்குப் பயன்படும் அளவுக்கு முதிர்ந்தவை கூடவில்லை. மாத்திரை எடுத்தவர், எடுக்காதவர் இரு தரப்பிலும் சுமார் 60 சதவீதம் முதிரவில்லை. தடிப்பை மாத்திரை கரைக்காது. ஆகவே நீங்களாகக் கூட்டாதீர்கள்; இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்றவை ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தவும் செய்யாதீர்கள். பந்து அழுத்துவதால் கெடுதல் இல்லை, ஆனால் குறுகிய இடத்தை அது திறக்காது.

ஸ்கேனுக்கு முன்பே கையால் நிறைய தெரிந்துகொள்ளலாம். இணைப்பிலிருந்து மேல்நோக்கி விரலை மெதுவாக நகர்த்துங்கள். மென்மையான, இடைவிடாத அதிர்வு தொடர்ந்து வந்தால் நல்லது. இணைப்பில் மட்டும் பலமாக இருந்து உடனே மறைந்து, மேலே சிரை தட்டையாக இருந்தால் இணைப்பருகே குறுகல் என்று சந்தேகிக்க வேண்டும். நீங்கள் எழுதியது இதற்குத்தான் பொருந்துகிறது. அதிர்வுக்குப் பதில் நாடி போல ‘டக் டக்’ என்று அடித்து, கையை உயர்த்தினாலும் சிரை தளராவிட்டால் அடைப்பு மேலே இருக்கிறது. மூன்றாவது வாய்ப்பு கிளைச் சிரைகள். வழியிலுள்ள மடைகளெல்லாம் திறந்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராதது போல, ரத்தம் பிரிந்து போய்விடும். சிரையை மேலே ஒரு விரலால் சில நொடி அழுத்தியும் இணைப்பில் அதிர்வு நிற்காவிட்டால் இடையில் கிளை இருக்கிறது. இந்தச் சோதனையை மட்டும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் மூன்று எண்களைக் கேளுங்கள்: சிரையின் விட்டம் 6 மி.மீ., தோலிலிருந்து ஆழம் 6 மி.மீ.க்குள், ஓட்டம் நிமிடத்துக்கு 600 மி.லி. இவை கடுமையான அளவுகோல். சற்றுக் குறைந்தாலும் ஊசி போட முடிவதுண்டு. 50 சதவீதத்துக்கு மேல் குறுகியிருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம், அல்லது சில சென்டிமீட்டர் மேலே தள்ளிப் புதிதாக இணைக்கலாம். பலூனும் சுவரைக் காயப்படுத்துகிறது என்பதால் சில மாதத்தில் மறுபடி குறுகலாம். கண்காணிப்பை விடக் கூடாது. பெரிய கிளைகளைக் கட்டிவிடலாம். தமனி 2 மி.மீ.க்கும் குறைவாக, கால்சியம் படிந்து இருந்தால் மணிக்கட்டில் நேரம் கடத்தாமல் முழங்கைக்குப் போவதே சரி. அங்கே விரல்களுக்கு ரத்தம் குறையும் ஆபத்து சற்று அதிகம். கை சில்லிட்டு வலித்தால், விரல் நிறம் மாறினால், உடனே போக வேண்டும்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் கழுத்துக் குழாய்தான். அது இருக்கும் ஒவ்வொரு வாரமும் ரத்தத்தில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு. நெஞ்சுக்குள் செல்லும் பெரிய சிரையும் அதன் உரசலால் குறுகும். குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் இருந்தால், அதே பக்கத்துக் கை வீங்குகிறதா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். டயாலிசிஸில் பிரஷர் இறங்கினால் ஃபிஸ்டுலா உறையலாம். இரு டயாலிசிஸுக்கு இடையே எடை ஏறாமல் உப்பையும் தண்ணீரையும் கட்டுப்படுத்துங்கள். காலை, இரவு அதிர்வைத் தொட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஓரிரு நாளுக்குள் என்றால் உறைவை அகற்றி மீட்க வாய்ப்பு உண்டு. முதிர்ந்தபின் முதல் சில முறை 17 கேஜ் மெல்லிய ஊசி, பம்ப் வேகம் 200 முதல் 250 மி.லி. என்று தொடங்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே சுவர் தொய்ந்து புடைக்கும். இடத்தை மாற்றி மாற்றிப் போடும்படி டெக்னீஷியனிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.