கோச்சி போகட்டும்

வணக்கம் ஐயா,

நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையொன்றில் டென்மார்க்கின் ‘நோர்ட்’ பற்றி ஒரேயொரு வரி இருந்தது. ஒரே ஆள் எல்லா வாத்தியத்தையும் வாசித்துப் பதிவு செய்யும் இசை என்று. அதைப் பிடித்துக்கொண்டு தேடி, 1998இல் வந்த ‘டோடன்’, 1999இல் வந்த ‘கிராவன்’ ஆகிய டெமோக்களை, அதாவது அல்பத்துக்கு முந்திய மாதிரிப் பதிவுகளை, கேட்டேன். பிந்திய அல்பங்களைவிட இவைதான் பிடித்தன. ஒலிப்பதிவு மட்டும் படுமோசம். ஒரு மென்பொருளில் போட்டு இரைச்சலை எடுத்துவிட்டேன், இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. பழைய கோப்புகளை அழித்துவிட்டேன்.

கேள்விகள்: இது அலறலும் கரகரப்புமான பிளக் மெற்றலா, சாவூர்வலம் போல மெதுவாக நகரும் பியூனரல் டூமா? ஒரே ஆள் அறைக்குள் இருந்து செய்வது இசையா, பிடிவாதமா? கடைசியாக, “செத்த வீடு மாதிரிக் கிடக்கு, நிப்பாட்டு” என்கிற அம்மாவுக்கு என்ன சொல்வது?

ஒரு வாசகர், தெஹிவளை

அன்புள்ள தம்பி,

முதல் கேள்வியைச் சட்டென்று முடிக்கிறேன். இரண்டும்தான். நோர்ட்காரரே தன் இசைக்கு இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார். தொண்டையும் கிற்றாரின் கரகரப்பும் நோர்வேப் பக்கத்துச் சொத்து. நடை பின்லாந்துடையது. 1994இல் வந்த ஒரே ஒரு அல்பத்தோடு ஓய்ந்த தெர்கோத்தோன், 1995இல் ஓர்கனை வைத்துக்கொண்டு முதல் அல்பத்தோடு வந்த ஸ்கெப்டிசிசம், அந்தக் குழுக்களின் வழி. மிச்சத்தைப் பெயர்ப்பலகை பார்த்து இசை கேட்கிறவர்கள் சண்டைபிடித்துத் தீர்க்கட்டும்.

அம்மா சொன்னதை வசை என்று எடுத்துவிட்டீர்கள். பியூனரல் என்று பெயர் வைத்த இசையைக் கேட்டு, பெயரே தெரியாமல், செத்த வீடு என்கிறா. இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. அவவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது ‘கண்ணாடி மாதிரி’ என்ற இடத்தில். அதைவிட, ‘அழித்துவிட்டேன்’ என்ற இடத்தில்.

தனியாள் ஒலிப்பதிவு என்றால் எனக்கு நோர்ட் இரண்டாவதுதான். முதலாவது என் அப்பம்மா. 1987இல் சித்தப்பா ஜேர்மனியில். அப்பம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, எழுத முடியாது. அதனால் கசெற்றில் பேசி அனுப்புவா. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. மத்தியானம் எல்லோரும் சாய்ந்த பிறகு பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரேப் றெக்கோடரை மடியில் வைத்துத் தொடங்குவா. பக்கத்துக்கு 30 நிமிடம். தேங்காய் விலை, ஊரிலிருந்து வந்த செய்தி, யார் யார் செத்தது, அப்புறம் கொஞ்சம் அழுகை. ஒழுங்கையின் முடிவில்தான் தண்டவாளம். ரயில் சத்தம் தூரத்தில் கேட்டதும், “பொறு ராசா, கோச்சி போகட்டும்” என்று நிறுத்துவா. கோச்சி முழுதாகப் போய்முடியும். “ம், போட்டுது” என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவா.

சித்தப்பா அந்தக் கசெற்றுகளில் ஒன்றைக்கூட எறியவில்லை. 2004இல் வந்தபோது ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அப்பம்மா அப்போது இல்லை. கொழும்பில் ஓர் இடத்தில் கொடுத்து சிடியில் போட்டுத் தரச் சொன்னேன். அந்தப் பொடியன் கெட்டிக்காரன், அக்கறையானவனும்கூட. “அங்கிள், பின்னாலே ஒரே இரைச்சல், கிளீன் பண்ணிட்டேன்” என்றான். நான் காசுக்கு மேலே காசும் கொடுத்தேன். பிறகு வீடு மாறும்போது, சிடிதான் இருக்கிறதே, ஓடுகிற பிளேயரும் இல்லையே என்று கசெற் பையை நானே குப்பையில் போட்டேன். எந்தக் கையால் போட்டேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

சிடியை ஆறுதலாக இருந்து கேட்டது அதற்கும் பிறகுதான். அவன் இரைச்சல் என்று எடுத்தது கடல். வெள்ளவத்தையில் இருபத்துநாலு மணி நேரமும் சத்தம் போடும் கடல். கீழ்ச் சத்தங்களை வெட்டியதில் கோச்சியும் போய்விட்டது. அப்பம்மா, “பொறு ராசா, கோச்சி போகட்டும்” என்கிறா. ஒன்றும் போகவில்லை. வெறும் மௌனம், அரை நிமிடத்துக்குக் கிட்ட. பிறகு “ம், போட்டுது”. என் அப்பம்மாவைப் பைத்தியக்காரி ஆக்கி வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் மென்பொருளுக்கு வருகிறேன். அது என்ன செய்கிறது தெரியுமா? வாத்தியம் ஒலிக்காத ஒரு துண்டை மாதிரிக்கு எடுத்து, இதுதான் இரைச்சல் என்று படித்துக்கொள்கிறது. பிறகு பதிவு முழுக்க அதைப் போலிருப்பதையெல்லாம் கழிக்கிறது. வேகமான பாட்டில் சேதம் பெரிதாகத் தெரியாது, அடிக்கு மேல் அடி விழுந்து மூடிவிடும். இந்த இசையில் அப்படி இல்லை. நிமிடத்துக்கு 48 அடி என்று வையுங்கள், நாலு அடிக்கு 5 விநாடி. தந்தியை ஒரு தரம் அடித்துவிட்டு 5 விநாடி கைவிட்டால் ஒலி தேய்ந்து தேய்ந்து கடைசியில் நாடாவின் உஸ்ஸுக்குள் இறங்கும். எதுவரை கிற்றார், எங்கேயிருந்து நாடா என்று காது தடுமாறும் அந்த ஒரு விநாடிக்காகத்தான் நான் இதையெல்லாம் கேட்கிறேன். உங்கள் மென்பொருளுக்கு அது அழுக்கு. வாலை நறுக்கிவிட்டு அடுத்த அடி வரும்வரை தண்ணீருக்குள் குமிழி விடுகிற மாதிரி ஒரு சத்தத்தை மிச்சம் வைத்திருக்கும். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

காசில்லாமல் அப்படிப் பதிவு செய்தார்கள், இப்போது திருத்தினால் என்ன என்பீர்கள். சிலருக்குக் காசில்லைதான். ஆனால் நோர்வேயில் ஒரே ஆள் பர்சம் என்ற பெயரில் செய்த ‘ஃபிலோசோஃபெம்’ அல்பம் இருக்கிறதே, 1993இல் பதிவாகி 1996இல் வெளிவந்தது, அதில் குரலுக்கு வேண்டுமென்றே ஒரு மட்டமான ஹெட்செட் மைக்கைத் தேர்ந்தெடுத்தார். கிற்றாரை, கிற்றார் அம்ப்புக்குப் பதிலாக, வீட்டு ஸ்டீரியோவின் அம்ப்பில் செருகினார். (அதைச் செய்த ஆள் கொலைக்குத் தண்டனை பெற்றவர், அரசியலும் அருவருப்பு. இதைச் சொல்லாமல் அந்த அல்பத்தைச் சொல்ல எனக்கு மனம் வராது.) அதைப் போய்க் கழுவினால் என்ன மிஞ்சும்? எல்லா இரைச்சலும் புனிதம் என்று நான் சொல்லவில்லை. சோம்பலை இரைச்சலால் மூடிய டெமோக்கள் கூடை கூடையாய்க் கிடக்கின்றன. அவற்றைக் கழுவாதீர்கள், கேட்காமல் விடுங்கள்.

கழுவிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வந்தால் ஒரு பிரதியைக் கழுவ வேண்டும். மூலத்தை அழிக்க உங்களுக்கு என்ன அவசரம், தம்பி? எங்கே இடம் போதவில்லை? எனக்காவது 2004இல் புத்தி சொல்ல ஆளில்லை.

பிடிவாதமா என்று கேட்டிருந்தீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு, எதிரில் ஆளே இல்லாமல் 30 நிமிடம் பேசுகிறவர்களுக்குப் பிடிவாதம் இல்லாமல் இருக்குமா?

நீங்கள் அழித்ததைத் திரும்பத் தேடி எடுக்கலாம். 1998 முதல் 2002 வரையான பதிவுகளைத் திரட்டி நோர்ட்டின் தொகுப்பு ஒன்றும் பின்னால் வந்தது. அதுவல்ல பெரிய காரியம். தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் வெளிநாட்டுக்குப் பேசி அனுப்பாத வீடு அந்தக் காலத்தில் குறைவு. இன்றைக்கே அம்மாவிடம் கேளுங்கள், பழைய கசெற் ஏதும் இருக்கிறதா என்று. இருந்தால் துடைக்காமல், மென்பொருளில் போடாமல், அப்படியே இங்கே கொண்டுவாருங்கள். இப்போது என்னிடம் ஓடுகிற பிளேயர் ஒன்று இருக்கிறது.